சம்பந்தி சொன்ன மூன்று கிளாவர்

பூந்தமல்லியில் ஒரு கல்யாண மண்டபம். காலை எட்டு மணி இருக்கும். பந்திக் கூடத்து வாசலில் நின்று, இலை போதுமா என்று சமையல்காரரிடம் விசாரித்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து யாரோ, "நீங்க சாப்ட்டீங்களா?" என்று கேட்டார்கள். பழகிய குரல்தான். ஆனால் அந்தக் குரலில் ஒரு 'நீங்க' வந்து நான் கேட்டதே இல்லை. வேறு யாரையோ கேட்கிறார் என்று நினைத்து நான் திரும்பவில்லை. அடுத்த முறை தோளைத் தொட்டார். பட்டு வேட்டி, ஜரிகை அங்கவஸ்திரம், நெற்றியில் சந்தனம். எங்கள் தொழிற்சாலை ஃபோர்மேன். இன்னும் ஒரு மணி நேரத்தில் எனக்குச் சம்பந்தி. "சம்பந்தி, உங்களத்தான் கேக்கறேன்" என்றார். பதினாறு வருடமாக அவர் என்னைக் கூப்பிட்ட ஒரே விதம் "யோவ் டிராயிங்" என்பதுதான்.

ஆவடியில் ராணுவ வண்டிகளுக்கு உதிரிப் பாகம் செய்யும் தொழிற்சாலையில் நான் வரைபடப் பிரிவில் இருந்தேன். அவர் லேத் ஷாப்பில் ஃபோர்மேன். நான் கரூரிலிருந்து வேலைக்கு வந்து குவார்ட்டர்ஸில் குடியேறியவன். அவர் பக்கத்துத் திருமுல்லைவாயில்காரர். அவருடைய அப்பா அங்கே பிறத்தியார் வயலில் கூலி வேலை செய்தவர். அந்தக் குடும்பத்தில் தொழிற்சாலைக்குள் முதலில் கால் வைத்தவர் இவர். லேத் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அவருக்குச் சாதாரணக் குரல் என்று ஒன்று இல்லாமல் போயிருந்தது. சனிக்கிழமை மதியம் குவார்ட்டர்ஸ் கிளப்பில் பிரிட்ஜ் ஆடுவோம். எங்களைக் கூட்டாளிகளாக யார் சேர்த்துவைத்தார்கள் என்று நினைவில்லை. இரண்டு பேருடனும் வேறு யாரும் ஆட ஒப்பாததுதான் காரணமாக இருக்க வேண்டும்.

பிரிட்ஜ் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. நால்வர் ஆடும் சீட்டாட்டம். எதிரெதிரே உட்காருபவர்கள் கூட்டாளிகள். கூட்டாளியின் கையில் என்ன இருக்கிறது என்று கேட்கவும் கூடாது, ஜாடை காட்டவும் கூடாது. ஆட்டத்துக்கு முன் நடக்கும் ஏலத்தில் சொல்கிற ஒன்றிரண்டு சொற்களால்தான் ஒருவருக்கொருவர் தெரிவித்துக்கொள்ள வேண்டும். எந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று முன்னாலேயே பேசிவைத்துக்கொள்வது உண்டு. இஸ்பேட்டும் ஆட்டினும் பெரிய வகை. கிளாவரும் டைமனும் சின்ன வகை. ஒரு சுற்றை ஜெயித்தால் ஒரு பிடி; ஏலத்தில் சொல்லும் எண்ணோடு ஆறைக் கூட்டினால் எடுக்க வேண்டிய பிடிக் கணக்கு வரும். சின்ன வகையைத் துருப்பாக வைத்து முழுப் பரிசு வாங்கப் பதிமூன்றில் பதினோரு பிடி எடுத்தாக வேண்டும். துருப்பே வேண்டாம், 'நோ டிரம்ப்' என்று ஆடினால் ஒன்பது போதும், அதாவது மூன்று நோ டிரம்ப். அதனால் கிளாவர் கையில் வந்தால் யாரும் அதிகம் சந்தோஷப்படுவதில்லை.

எங்கள் தகராறு ஒரே ஒரு இடத்தில்தான். ஒருவர் 'ஒரு நோ டிரம்ப்' என்று ஏலத்தைத் தொடங்குகிறார். எல்லா வகையும் ஓரளவு இருக்கிறது, கை பலமாக இருக்கிறது என்று அதற்குப் பொருள். எதிரே இருக்கும் கூட்டாளி 'மூன்று கிளாவர்' என்கிறார். அதற்கு என்ன அர்த்தம்? என் கட்சி: கிளாவர் நீளமாகவும் நன்றாகவும் இருக்கிறது, உனக்கு ஒத்து வந்தால் மூன்று நோ டிரம்ப்புக்குப் போ. அவர் கட்சி: என்னிடம் ஒன்றுமே இல்லை, அற்பக் கிளாவர் நிறைய இருக்கிறது, நீ வாயை மூடிக்கொண்டு பாஸ் சொல். உலகத்தில் இரண்டு விதமாகவும் ஆடுகிறார்கள். அது எங்களுக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

"யோவ் டிராயிங், கைல ஒண்ணும் இல்லாதவன் எங்கய்யா போவான்? கிளாவர்தான் அவனுக்கு ஊடு. அவன ஊட்ல போய் ஒக்கார வுடுயா" என்பார். ஒன்றும் இல்லாதவன் மூன்று வரைக்கும் ஏன் ஏற வேண்டும், பேசாமல் இருந்துவிடலாமே என்று நான் கேட்பேன். "நீ பேசாம இருப்ப. ஏசி ரூம்ல ஒக்காந்துகினு கோடு போட்டவன்தானே. உன் வரைபடத்துல எத்தினி தப்பு இருந்திச்சின்னு லேத்துல நின்ன எனக்குத்தான்யா தெரியும்" என்பார். வரைபடப் பிரிவில் ஏசி இருந்ததே இல்லை. ஆனால் தப்பு இருந்தது உண்மை. எனக்குத் தெரிந்து மூன்று தப்பு. மூன்றையும் அவர் சத்தம் போடாமல் சரிசெய்து கொடுத்துவிட்டு, கிளப்பில் வந்து சத்தம் போட்டவர்.

இத்தனை சண்டையிலும் ஆட்டத்தில் குழப்பம் வந்ததே இல்லை. ஆட்டம் தொடங்குமுன் கத்துவோம். அந்த வாரம் யார் அதிகமாகக் கத்தினாரோ அவருடைய அர்த்தம் அமலில் இருக்கும். அதை எழுதி வைக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை, கிளப் முழுவதற்கும் கேட்டிருக்கும். எதிரணிக்காரர்களே, "இன்னிக்கு ஃபோர்மேன் அர்த்தம்" என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டு உட்காருவார்கள்.

இந்த ஏற்பாட்டைக் கெடுத்தது என் மகளும் அவர் மகனும். இருவரும் ஒரே ரயிலில் கல்லூரிக்குப் போனவர்கள். அதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் இரண்டு வீட்டிலும் பெரிதாக எதிர்ப்பு இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவியோடு, தாம்பாளத்தில் பழமும் பூவுமாக என் வீட்டுக்கு வந்தார். கால்மேல் கால் போட்டு உட்காரும் மனிதர், அன்று சோபாவின் விளிம்பில் முக்கால்வாசி காற்றில் உட்கார்ந்திருந்தார். அப்போது நான் ஒரு வாக்கியம் சொன்னேன்: "பொண்ணு வேலைக்குப் போறா. ஆனா போயே ஆகணும்னு எங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க. எல்லாம் உங்க இஷ்டம்." பெண்ணைப் பெற்றவன் வாயில் இது தானாக வந்துவிடுகிறது, யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. உள்ளே காபி கலந்துகொண்டிருந்த என் மகள் கரண்டியைக் கொஞ்சம் ஓங்கி வைத்தது எனக்குக் கேட்டது. சம்பந்தியும், "நீங்க எப்டி சொல்றீங்களோ அப்டியே" என்றார்.

கல்யாணம் முடிந்த அடுத்த சனிக்கிழமை கிளப்புக்குக் கிளம்பும்போது என் மனைவி வாசலில் வழி மறித்தாள். "பொண்ணு அவங்க வீட்ல இருக்கா. சீட்டாடற எடத்துல வாய வச்சிக்கிட்டு சும்மா இருங்க" என்றாள். நியாயம்தானே. போகும் வழியில் ஒரு முடிவு எடுத்தேன். இனிமேல் மூன்று கிளாவருக்கு அவருடைய அர்த்தமே அர்த்தம். அவர் சொன்னால், பலவீனமான கை என்று எடுத்துக்கொண்டு பாஸ் சொல்லிவிடுவேன். நான் சொல்வதானாலும் கையில் ஒன்றும் இல்லாதபோதுதான் சொல்வேன். பதினாறு வருடத்துக் கொள்கையை மகளுக்காக விட்டுக்கொடுக்கிறேன் என்று எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. இதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் குத்திக்காட்டியது போல ஆகிவிடும்.

அன்றிலிருந்து எங்கள் ஆட்டம் நாசமாகப் போயிற்று. நான் ஒரு நோ டிரம்ப் தொடங்குவேன், அவர் மூன்று கிளாவர் என்பார், நான் பாஸ் சொல்வேன். கிளாவரை முதலில் சொன்னவர் அவர் என்பதால் ஆட வேண்டியவர் அவர். நான் என் சீட்டுகளை மேஜையில் விரித்து வைத்துவிட்டு டீ வாங்கப் போய்விடுவேன். திரும்பி வந்தால் மூன்று கேட்டவர் ஐந்து எடுத்திருப்பார். ஒன்றும் இல்லாத கையை வைத்துக்கொண்டு மனிதர் என்னமாய் ஆடுகிறார் என்று வியப்பேன். "பிரமாதம் சம்பந்தி" என்பேன். "எல்லாம் உங்க சீட்டு" என்பார். எங்கள் கிளப்பில் ஒரே சீட்டுகளை எல்லா மேஜைக்கும் சுற்றில் விடுவார்கள்; மற்ற மேஜைகளில் அதே சீட்டுக்கு எல்லாரும் மூன்று நோ டிரம்ப் ஆடி முழுப் பரிசு வாங்கியிருப்பார்கள், நாங்கள் கடைசியில் நிற்போம். அவர் நோ டிரம்ப் தொடங்கி நான் மூன்று கிளாவர் சொன்னால் கதை இன்னும் மோசம். பாஸ் சொல்ல வேண்டியவர் ஜம்மென்று மூன்று நோ டிரம்ப்புக்குப் போவார். நான் ஒரு ராஜாகூட இல்லாத என் சீட்டுகளைக் கூச்சத்தோடு விரிப்பேன். அவர் ஒரு நிமிடம் அவற்றையே பார்ப்பார். "பரவால்ல சம்பந்தி" என்பார். பெண்ணைக் கட்டிக்கொடுத்த துக்கத்தில் எனக்குப் புத்தி கொஞ்சம் பிசகிவிட்டது என்று அவர் தன் வீட்டில் வருத்தப்பட்டிருக்கிறார். பேரன் பிறக்கப்போகிறான் என்ற சந்தோஷத்தில் அவர் பேராசைப்படுகிறார் என்று நான் என் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான்கு வருடம் இப்படியே ஓடிற்று. எங்கள் வழக்கமான எதிரணி ஓய்வுபெற்ற ஒரு டாக்டரும் அவர் மனைவியும். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அந்த அம்மாள், "மூளைய ஆஸ்பத்திரிலயே வச்சிட்டு வந்துட்டீங்களா?" என்று புருஷனை ஆரம்பிப்பார். அவரும் சளைக்காமல் பதில் கொடுப்பார். எங்களுக்குப் பொறாமையாக இருக்கும். நாங்கள் ஒருவருக்கொருவர் சீட்டை எடுத்துக் கொடுத்துக்கொண்டு, "நீங்க மொதல்ல", "இல்ல, நீங்க" என்று உட்கார்ந்திருப்போம்.

இதற்கிடையில் பேரன் பிறந்தான். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனத்தில் இயந்திர வடிவமைப்பு செய்துகொண்டிருந்த என் மகள் வேலையை விட்டாள். குழந்தைக்கு ஒன்றரை வயதானபோது அதே நிறுவனம் அவளைத் திரும்பக் கூப்பிட்டது. இரண்டு மாதத்துக்குள் வந்து சேர வேண்டும். அவள் மாமனாரிடம் கேட்டாள். அவர், "பார்க்கலாம்மா" என்றார். மாப்பிள்ளை நல்ல பையன், அப்பா சொன்னால் சரி என்று நின்றுகொண்டான். இரண்டு மாதமும் அந்த 'பார்க்கலாம்' என்பதிலேயே கழிந்தது. அவள் என்னிடம் எத்தனையோ தடவை, "நீங்க ஒரு வார்த்தை கேளுங்கப்பா" என்றாள். நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்டுவிடுவது என்று கிளம்புவேன், 'எல்லாம் உங்க இஷ்டம்' என்று என் வாயாலேயே சொன்னது நினைவுக்கு வரும், சீட்டைக் கலைத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவேன். பிறகு ராத்திரி படுக்கையில் நன்றாகப் பேசுவேன், அவர் இல்லாத இடத்தில்.

கெடு திங்கட்கிழமையோடு முடிகிறது. முந்தின நாள் ஞாயிறு, கிளப்பின் வருடாந்தரப் போட்டி. காலையில் மகள் போன் செய்தாள். "நாளைக்குதான்பா கடைசி. மாமா இன்னும் பாத்துக்கிட்டே இருக்காரு" என்றாள். சமயம் பார்த்துக் கேட்கிறேன் என்றேன். "அவர யோவ்னு கூப்ட்டு சண்ட போட்டவருதானே நீங்க? எனக்காக ஒரே ஒரு தடவ வாயத் தொறக்க மாட்டீங்களா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டாள். அவள் அழுதிருக்கிறாள் என்று குரலில் தெரிந்தது.

மதியம், டாக்டர் தம்பதியோடு ஆட்டம். என் கைக்கு நல்ல சீட்டு வந்தது. ஒரு நோ டிரம்ப் என்றேன். சம்பந்தி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "மூணு கிளாவர்" என்றார். நான் பாஸ் சொல்ல வேண்டும். நான்கு வருடமாகச் சொல்லிவந்த பாஸ். வாய்வரைக்கும் வந்துவிட்டது. அப்போது எனக்கு வந்த கோபம் அவர்மேல் இல்லை, என்மேல்தான். இந்த மனிதர் எதைச் சொன்னாலும் தலையாட்டிக்கொண்டே நான் சாகப்போகிறேனா என்று தோன்றியது. "மூணு நோ டிரம்ப்" என்றேன். குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. டாக்டரம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

இந்த முறை ஆட வேண்டியவன் நான், சீட்டுகளை விரிக்க வேண்டியவர் அவர். ஒன்றும் இல்லாத கை வரப்போகிறது, மானம் போகப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் விரித்தார். கிளாவரில் ஏஸ், ராணி, ஜாக்கி, பத்து, கூட இன்னும் இரண்டு. என் கையிலிருந்த கிளாவர் ராஜாவையும் சேர்த்தால் அந்த ஒரு வகையிலேயே ஆறு பிடி. மொத்தம் ஒன்பதும் வந்தது. எனக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை, தலை சுற்றிற்று.

சம்பந்திக்கோ முகமெல்லாம் பல். "நாலு வருஷத்துல இன்னிக்குத்தான் கரெக்டா எடுத்துக்கினீங்க சம்பந்தி. இத்தினி நாளா ஏன் பாஸ் பண்ணிகினு இருந்தீங்கன்னு எனக்குப் புரியவே இல்ல" என்றார்.

"மூணு கிளாவர்னா வீக்குன்னுதானே நீங்க சொல்வீங்க?" என்றேன்.

"அது அப்போ. கல்யாணத்துக்கு அப்பறம் உங்க அர்த்தத்துலதான் சொல்லிகினு கீறேன். பொண்ணு குடுத்தவருகிட்ட போய் மல்லுக்கட்ட முடியுமா?"

"நான் உங்க அர்த்தத்துலதானே ஆடிக்கிட்டிருந்தேன்" என்றேன்.

டாக்டரம்மாள் ஆடி முடித்த சீட்டுகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, முகத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. சம்பந்தி என்னையே பார்த்தார். தோற்ற ஆட்டங்கள் ஒவ்வொன்றாக அவர் கண்ணில் போய்க்கொண்டிருந்தது தெரிந்தது.

"யோவ்" என்றார் கடைசியில். "நாலு வருஷமாவா? ஒரு வார்த்த சொல்ல வாணாமாயா?"

"நீ சொல்லியிருக்கலாமில்ல?"

"உன் மனசு நோவப்போவுதுன்னு வுட்டுட்டேன்யா."

"பெரிய மனசு" என்றேன். எழுந்து நின்றுவிட்டேன் என்று பிறகு சொன்னார்கள். "என் பொண்ணு ரெண்டு மாசமா வேலைக்குப் போகட்டுமான்னு கேட்டுக்கிட்டு நிக்கறா. நாளைக்குக் கெடு முடியுது. அவளுக்கு ஒரு பதில் சொல்லத் தெரியல, என் மனசு நோவுதாம்."

அவரும் எழுந்தார். "நீதானேய்யா சொன்ன, போயே ஆவணும்னு ஒண்ணும் இல்லன்னு? உன் ஊட்டு சோபால ஒக்காந்துகினு சொன்னியா இல்லியா?"

"அது மரியாதைக்கு சொல்றதுய்யா."

"எனக்கு இன்னாயா தெரியும்? நெசம்னு எடுத்துகினேன். மருமவ சம்பாரிச்சிக் குடுக்கணும்னு நான் அனுப்பறேன்னு நீ நெனச்சிட்டா? அதான் உன்னாண்டருந்து ஒரு வார்த்த வரட்டும்னு பார்க்கலாம்னு சொன்னேன். வாராவாரம் எதிர்ல வந்து ஒக்கார்ற, வாயே தொறக்கல. சரி, பெத்தவனுக்கே இஷ்டம் இல்ல போலன்னு இருந்துட்டேன்."

நான் உட்கார்ந்துவிட்டேன். அவருக்கு இஷ்டமில்லை என்று நான் இரண்டு மாதம் மருகியிருக்கிறேன், எனக்கு இஷ்டமில்லை என்று அவர் இரண்டு மாதம் தயங்கியிருக்கிறார். மீதி இரண்டு ஆட்டத்தையும் கத்திக்கொண்டே ஆடினோம். கோப்பை டாக்டர் தம்பதிக்குப் போனது. அவர்கள் அதற்காகவும் சண்டை போட்டுக்கொண்டே போனார்கள். சம்பந்தி என்னைத் தன் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு திருமுல்லைவாயிலுக்கு விரட்டினார். வழியெல்லாம் பழைய ஆட்டங்களைப் பற்றித் தலையைத் திருப்பித் திருப்பிப் பேசிக்கொண்டு வந்தார். முன்னால் பார்த்து ஓட்டும்படி நான் கெஞ்சினேன்.

அங்கே நடந்ததைச் சொல்லுமுன் இப்போதைய நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். மகள் மறுநாளே வேலையில் சேர்ந்தாள், இரண்டு வருடமாகப் போய்வருகிறாள். பேரனைப் பள்ளிக்கு அழைத்துப்போய் அழைத்துவருவது சம்பந்தி. அவன் சத்தமாகப் பேசுகிறான் என்று டீச்சர் குறைபட்டுக்கொண்டாராம். மூன்று கிளாவர் விவகாரம் தீரவில்லை. ஒரு சனிக்கிழமை அவர் அர்த்தம், மறு சனிக்கிழமை என் அர்த்தம் என்று முறை வைத்திருக்கிறோம், இது யார் சனிக்கிழமை என்பதில் தகராறு வருகிறது. சத்தம் தாங்காமல் கிளப் செயலாளர் எங்கள் மேஜையை சைக்கிள் நிறுத்தும் பக்கம் மாற்றிவிட்டார். பொது இடங்களில் மட்டும் 'நீங்க', 'சம்பந்தி'. என் மனைவிக்கு இது பிடிக்கவில்லைதான், ஆனால் இப்போது நாங்கள் அவ்வப்போது ஜெயிக்கிறோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாங்கள் இருவரும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தோம். மகள் கூடத்தில் தரையில் உட்கார்ந்து குழந்தைக்கு ரசம் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தாள். "நாளைக்கு வேலைக்குக் கெளம்புமா" என்று சம்பந்தி அறிவித்தார். பிறகு கிளாவர் கதையையும், சோபாவில் நான் சொன்னதையும், அவர் எடுத்துக்கொண்டதையும் இருவரும் மாற்றி மாற்றிச் சொன்னோம். கேட்டால் அவளும் விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று எனக்கு நிச்சயம். அவள் முழுவதையும் கேட்டாள்.

"அப்ப ரெண்டு பேருக்குமே ஆட்சேபணை இல்ல. ஆரம்பத்துலேருந்தே" என்றாள்.

"இல்லவே இல்லம்மா" என்றேன்.

"ஒருத்தர் மனசு ஒருத்தர் நோகக் கூடாதுன்னு பாத்துக்கிட்டீங்க."

"ஆமாம்மா" என்றார் சம்பந்தி, கொஞ்சம் பெருமையாகவே.

"நான்தான் ரெண்டு பேருகிட்டயும் வாயத் தொறந்து கேட்டேன். போகணும்னு சொன்னேன். அது ரெண்டு பேருக்கும் காதுலயே விழலியா?"

குழந்தையின் வாயைத் துடைத்து அவனைத் தூக்கிச் சம்பந்தியின் கையில் கொடுத்துவிட்டு, நாளைக்கு உடுத்த வேண்டிய துணியை இஸ்திரி போட உள்ளே போனாள். சம்பந்தி பேரனை மார்போடு வைத்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார். "இன்னாயா சொல்றது இதுக்கு?" என்று மெதுவாகக் கேட்டார்.